எழுதிய ஊரும் அச்சான ஊரும்

கெய்ரோ எழுதும், பெய்ரூட் அச்சடிக்கும், பாக்தாத் படிக்கும் என்பது அரபு உலகில் புழங்கும் சொலவடை. மூன்று நகரங்களுக்கும் பெருமை சேர்ப்பதுபோல ஒலிக்கும் அதற்குள் ஒரு மனக்குறையும் பொதிந்திருக்கிறது. எழுதுகிற ஊரிலேயே அச்சகம் இருக்கும்போது கைப்பிரதி ஏன் பெய்ரூட்டுக்குப் போக வேண்டும்? எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் அரசு நிறுவிய புலாக் அச்சகம் கெய்ரோவில் 1820களின் தொடக்கத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. 1835இல் ஆயிரத்தொரு இரவுகளையே அது அச்சிட்டது. எந்திரத்துக்கோ எழுதுவோருக்கோ பஞ்சமில்லாத நகரம்.

அரபு நாவலின் வளர்ச்சியைப் பாடநூல்கள் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. 1798இல் நெப்போலியன் எகிப்தில் வந்திறங்கினான். பின்னாலேயே மொழிபெயர்ப்பு வந்தது, தழுவல் வந்தது, அப்புறம் சொந்தப் படைப்பு, கடைசியில் 1988இல் நஜீப் மஹ்ஃபூஸுக்கு நோபல் பரிசு. இதில் பிழையான தகவல் எதுவும் இல்லை. ஆனாலும் இதைப் படித்து முடிப்பவருக்கு அந்த நாவல்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்காது. யார் அச்சிட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், யார் பயந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் ஓரளவு விளங்கும்.

ரிஃபாஆ அல் தஹ்தாவியிலிருந்து தொடங்கலாம். 1826இல் எகிப்திய மாணவர் குழுவோடு பாரிஸுக்கு இமாமாக அனுப்பப்பட்டவர், ஐந்தாண்டுகளில் பிரெஞ்சு கற்றுத் திரும்பி, கெய்ரோவில் மொழிப் பள்ளி நடத்தினார். ஆட்சி மாறியது. புதிய ஆட்சியாளர் அப்பாஸுக்கு அவரைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் நடத்தச் சொல்வதாகப் பெயர் பண்ணி கார்ட்டூமுக்கு அனுப்பிவைத்தார்; உண்மையில் அது நாடுகடத்தல். அந்த வெயிலில் உட்கார்ந்து தஹ்தாவி மொழிபெயர்த்தது ஃபெனலோனின் ‘டெலிமாக்’ கதையை. அரசர்கள் எப்படி ஆளக்கூடாது என்று இளவரசனுக்குச் சொல்லித்தரும் புத்தகம். பிரான்சில் பதினான்காம் லூயியின் கோபத்துக்கு ஆளானது. நாடுகடத்தப்பட்ட அதிகாரி இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நம்புவதற்கில்லை. மொழிபெயர்ப்பு 1867இல் அச்சேறியது, பெய்ரூட்டில்.

பெய்ரூட்டில் அதற்குள் வேறொரு வேலை ஆரம்பித்திருந்தது. கலீல் அல் கூரி என்ற கவிஞர் 1858இல் ‘ஹதீகத் அல் அக்பார்’ என்று ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதில் தானே ஒரு தொடர்கதை எழுதினார். மகளை எப்படியாவது ஓர் ஐரோப்பியனுக்குக் கட்டிக்கொடுக்கத் துடிக்கும் அலெப்போ நகரத்துத் தகப்பனைக் கேலி செய்யும் கதை. மேற்கைப் பார்த்து எழுதப் பழகிய அந்த முதல் எழுத்தே மேற்கு மோகத்தைக் கிண்டலடித்தது என்பதை ‘தழுவல் காலம்’ என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிறவர்கள் கவனிக்க வேண்டும். 1870இல் புஸ்தானி குடும்பம் ‘அல் ஜினான்’ இதழைத் தொடங்கியது. மகன் சலீம் அல் புஸ்தானி அதில் வரிசையாக நாவல்கள் எழுதினார். பத்திரிகைக்குச் சந்தாதாரர் வேண்டும், சந்தாதாரரைத் தக்கவைக்க அடுத்த இதழுக்கு ஏங்கவைக்கும் கதை வேண்டும். கதை சொல்லல் காப்பிக்கடைக் கதைசொல்லிகளின் பிழைப்பு என்று முகம் சுளித்த பண்டிதர் உலகத்தில், நாவலை உள்ளே கொண்டுவந்தது அஞ்சலில் வந்த பத்திரிகைதான்.

அந்தப் பத்திரிகைக்காரர்கள் பலர் பின்னர் எகிப்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பெரும்பேர் எடுத்தவர் ஜுர்ஜி ஸைதான். 1892இல் கெய்ரோவில் ‘அல் ஹிலால்’ இதழைத் தொடங்கி, இஸ்லாமிய வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்தையும் காதல் கதையோடு பிணைத்து இருபதுக்கும் மேற்பட்ட நாவல்களாக எழுதினார். இலக்கியத் தரம் என்று பார்த்தால் பல சாதாரணம்தான். ஆனால் ஒரு தலைமுறை தன் வரலாற்றை அவரிடம்தான் படித்தது. கெய்ரோவின் புதிய பல்கலைக்கழகம் 1910இல் அவரை இஸ்லாமிய வரலாறு கற்பிக்க அழைத்தது; அவர் கிறிஸ்தவர் என்று எதிர்ப்பு கிளம்பியதும் அழைப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாவலாகப் படிக்கலாம், வகுப்பறையில் கேட்கக் கூடாது!

இதே காலத்தில் தெற்கு லெபனானில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த ஸைனப் ஃபவ்வாஸ் 1899இல் நாவல் வெளியிட்டார். லெபனானிலிருந்து அமெரிக்காவுக்குப் போன அஃபீஃபா கரம் 1906இல் நியூயார்க்கில் அரபு அச்செழுத்தில் நாவல் வெளியிட்டார். இவர்களை ஏன் சொல்கிறேன் என்றால், ‘முதல் அரபு நாவல்’ எது என்று கேட்டால் இன்றும் வருகிற பதில் 1913இல் கெய்ரோவில் வெளியான ‘ஸைனப்’. எழுதியவர் முஹம்மத் ஹுஸைன் ஹைக்கல், பாரிஸில் சட்டம் படிக்கப் போன நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. வயலில் வேலை செய்யும் ஸைனப் ஒருவனை விரும்புகிறாள், இன்னொருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள், விரும்பியவனைப் பட்டாளத்தில் சேர்த்து சூடானுக்கு அனுப்புகிறார்கள், அவன் கொடுத்த கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவள் காசநோயில் சாகிறாள். ஊர் நினைப்பில் வாடும் மாணவன் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நைல் கரை வர்ணனை கொஞ்சம் மிகைதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஓர் எகிப்திய விவசாயி’ என்று மட்டும் போட்டிருந்தது. வக்கீல் தொழிலில் இறங்கப்போகிறவர் காதல் கதை எழுதினார் என்று தெரிந்தால் கட்சிக்காரர் மதிக்க மாட்டார்கள் என்ற பயம். 1929இல் மறுபதிப்பு வந்தபோதுதான் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டார். அதற்குள் எகிப்தில் தேசியம் வளர்ந்து, மண்ணின் விவசாயி தேசத்தின் முகமாகிவிட்டான். ஒளித்து வைத்த பெயர் பெருமைக்குரிய பெயராகிவிட்டது. ‘முதல் நாவல்’ பட்டம் பிறந்த கதையும் அதுவே. எகிப்துக்குத் தன் மண்ணில் விளைந்த முதல் நாவல் தேவைப்பட்டது. பெய்ரூட் பத்திரிகைகளில் அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்தவற்றையும் பெண்கள் எழுதியவற்றையும் ஒதுக்கித் தள்ளினால்தான் அந்தப் பட்டம் நிற்கும்.

அதற்கடுத்த முப்பது ஆண்டுகள் அரசுச் சம்பளக்காரர்களின் காலம். தவ்ஃபீக் அல் ஹக்கீம் கிராமப்புற அரசு வழக்கறிஞர். சட்டம் என்றால் என்னவென்று தெரியாத ஏழைகளுக்குச் சட்டம் தண்டனை கொடுக்கும் கூத்தை அவர் 1937இல் ஒரு நாட்குறிப்பு நாவலாக எழுதினார். இன்று படித்தாலும் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும். யஹ்யா ஹக்கீ தூதரகத்தில் வேலை பார்த்தவர். நஜீப் மஹ்ஃபூஸ் வக்ஃபு அமைச்சகத்து எழுத்தர். பதிப்பாளர் கொடுக்கும் பணத்தில் ஒரு நாவலாசிரியர் குடும்பம் நடத்த முடியாது என்பதால் அரசாங்கம்தான், தெரிந்தோ தெரியாமலோ, இந்த எழுத்துக்குப் படியளந்தது.

மஹ்ஃபூஸ் 1911இல் பழைய கெய்ரோவின் ஜமாலிய்யா பகுதியில் பிறந்தவர். பாரோக்கள் காலத்துக் கதைகள் மூன்றோடு தொடங்கிவிட்டு, 1940களின் நடுவில் தன் தெருவுக்குத் திரும்பினார். அவருடைய முத்தொகுதி முதலில் ஒரே நாவல். 1952 ஏப்ரலில் எழுதி முடித்துப் பதிப்பாளரிடம் கொண்டுபோனபோது அதன் பருமனைப் பார்த்தே அவர் மிரண்டுபோனார். மூன்று மாதத்தில் புரட்சி வந்து மன்னர் ஃபாரூக் கப்பலேறினார். நாவல் ஒரு பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கி, 1956, 57இல் மூன்று தெருக்களின் பெயரில் மூன்று புத்தகங்களாகப் பிரிந்து வந்தது.

முதல் புத்தகத்தில் ஓர் இடம். அமீனா திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணவன் அனுமதியின்றித் தெருவுக்கு வராதவள். நடுநிசியில் எழுந்து, மரச்சட்டச் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடி, கூத்தும் பாட்டுமாக இருந்துவிட்டு வரும் கணவனுக்காக விளக்கோடு காத்திருப்பது அவள் அன்றாடம். அவர் போர்ட் சயீதுக்குப் போன நாளில் பிள்ளைகள் தூண்ட, கூப்பிடு தூரத்திலிருக்கும் ஹுஸைன் பள்ளிவாசலுக்குப் போய்வரக் கிளம்புகிறாள். திரும்பும் வழியில் கார் மோதி தோள்பட்டை எலும்பு முறிகிறது. கணவன் கத்தவில்லை. எலும்பு கூடும்வரை பொறுத்திருந்து, குணமானதும் தாய்வீட்டுக்குப் போ என்கிறார். அந்தப் பொறுமைதான் பயங்கரம். ஆதிக்கத்தை இத்தனை அமைதியாக எழுதிக்காட்டிய பக்கங்கள் எந்த மொழியிலும் அதிகம் இல்லை. ஆண்டையைப் போல வாழும் அதே மனிதர், தெருவில் ஆங்கிலேய சிப்பாய்கள் பிடித்து மண் சுமக்கச் சொன்னால் பேசாமல் சுமக்கிறார்.

மஹ்ஃபூஸ் தன் பாத்திரங்களைத் தெருமொழியில் பேசவிடவில்லை. மீன்காரரும் பாடகியும்கூட இலக்கண சுத்தமான எழுத்துமொழியில்தான் பேசுவார்கள். வாக்கிய அமைப்பில் மட்டும் கெய்ரோ வாடை அடிக்கும். ஹைக்கல் உரையாடலை எகிப்தியப் பேச்சுவழக்கில் எழுதியிருந்தார். இரண்டு கட்சிக்கும் இன்றுவரை ஆட்கள் உண்டு. மஹ்ஃபூஸ் இதைக் கொள்கையாகச் சொன்னார். ஆனால் மொராக்கோவிலிருந்து பாஸ்ரா வரை ஒரே பதிப்பு விற்க வேண்டும் என்றால் எழுத்துமொழி சௌகரியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1959 செப்டம்பரில் அவருடைய அடுத்த பெரிய நாவல் ‘எங்கள் தெருப் பிள்ளைகள்’ அல் அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்தது. ஒரு கெய்ரோ சந்துக்குள் ஆதாம் முதல் நபிகள் வரையான கதையை மாற்றுப்பெயர்களில் வைத்து, கடைசியில் விஞ்ஞானத்தையும் ஒரு தெருப்பிள்ளையாக்கினார். கெய்ரோவின் இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் அறிஞர்கள் கொதித்தார்கள். நாளிதழின் ஆசிரியர் முஹம்மத் ஹஸனைன் ஹைக்கல் (‘ஸைனப்’ ஹைக்கல் வேறு, இவர் வேறு) அதிபர் நாசருக்கு நெருக்கமானவர் என்பதால் டிசம்பரில் கடைசி அத்தியாயம்வரை நிறுத்தாமல் போட்டுவிட்டார். புத்தகமாக எகிப்தில் வரவில்லை. பெய்ரூட்டின் தார் அல் ஆதாப் 1967இல் வெளியிட்டது. 1994இல், எண்பத்திரண்டு வயது மஹ்ஃபூஸின் கழுத்தில் கத்தி பாய்ந்தது; குத்தியவன் அந்த நாவலைப் படித்ததில்லை. அல் அஸ்ஹர் சம்மதிக்காமல் எகிப்தில் அச்சிட மாட்டேன் என்று மஹ்ஃபூஸே பிடிவாதமாக இருந்தார். கெய்ரோ பதிப்பு 2006இல் வந்தது. அவர் இறந்ததும் அதே ஆண்டு. நோபல் பரிசுக்குப் பிறகும் பதினெட்டு ஆண்டுகள் அந்தத் தெருவின் கதைப் புத்தகம் அந்தத் தெருவில் கிடைத்தது கள்ளத்தனமாகத்தான்.

பெய்ரூட்டை இதனால் சுதந்திரத்தின் கோயிலாக்கிவிட முடியாது. அங்கும் லைலா பஅல்பக்கீயைச் சிறுகதைக்காக 1964இல் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். ஆனால் லெபனானில் எந்தத் தரப்பும் மற்றவர்களை முழுசாக அடக்கும் அளவுக்குப் பலம் பெறவில்லை. அந்த இடைவெளியில் பதிப்பகங்கள் பிழைத்தன. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சில சமயம் சங்கடமான பதில் கிடைக்கும். தயிப் சாலிஹின் ‘வடக்கு நோக்கிப் புலம்பெயரும் பருவம்’ 1966இல் பெய்ரூட்டின் ‘ஹிவார்’ இதழில் வெளியானது. அந்த இதழுக்குப் படியளந்த கலாச்சார சுதந்திரப் பேரவையின் பின்னால் அமெரிக்காவின் சிஐஏ இருந்தது அதே ஆண்டு அம்பலமாகி, அடுத்த ஆண்டு இதழ் நின்றுபோனது. காலனியத்தின் நோய்க்கூறுகளை இத்தனை கூர்மையாகச் சொன்ன அரபு நாவல் வேறில்லை. சூடானின் கிராமத்து வீட்டில் முஸ்தஃபா சயீத் பூட்டி வைத்த அறையை நினைத்துப் பாருங்கள். வெக்கை நிலத்தில் ஆங்கிலேயக் கணப்படுப்பு, சுவர் முழுக்கப் புத்தகங்கள், ஓர் அரபுப் புத்தகம் இல்லை, குர்ஆன்கூட ஆங்கிலத்தில். இதைப் பதிப்பித்த காசு வாஷிங்டனிலிருந்து வந்தது என்பதால் நாவலின் மதிப்பு குறையாது. காசு கொடுத்தவர்கள் படித்துப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

பெய்ரூட்டில் 1963இல் வந்த ‘வெயிலில் மனிதர்கள்’ மிகச் சிறியது. எழுதிய கஸ்ஸான் கனஃபானி 1948இல் பன்னிரண்டு வயதில் ஊரை இழந்த பாலஸ்தீனர். குவைத்துக்கு வேலை தேடிப் போகும் மூன்று அகதிகளை ஒரு லாரிக்காரன் காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து எல்லை கடத்துகிறான். ஆகஸ்ட் வெயில். முதல் சாவடியில் தப்பிவிடுகிறார்கள். இரண்டாவதில் அதிகாரிகள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு, பாஸ்ராவில் நாட்டியக்காரியோடு உனக்கு என்ன தொடர்பு என்று டிரைவரைச் சீண்டி நேரத்தைக் கடத்துகிறார்கள். அவன் ஓடிவந்து மூடியைத் திறக்கும்போது மூவரும் பிணம். அவன் அவற்றைக் குப்பை மேட்டில் போட்டு, பையிலிருந்த பணத்தையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஏன் தட்டவில்லை என்று புலம்புகிறான். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த டிரைவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1972இல் எகிப்திய இயக்குநர் தவ்ஃபீக் சாலிஹ் இதைப் படமாக்கியபோது முடிவை மாற்றினார். படத்தில் அவர்கள் தட்டுகிறார்கள், யாருக்கும் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பெய்ரூட்டில் காரில் வைத்த குண்டில் கனஃபானி கொல்லப்பட்டார்.

இஸ்ரேலுடனான 1967 போர்த் தோல்வியால்தான் அரபு நாவல் நொறுங்கி நவீனமானது என்று சொல்வது வழக்கம். ஆனால் நாசரின் சிறையில் ஐந்தாண்டு இருந்துவிட்டு வந்த ஸுன்அல்லாஹ் இப்ராஹீம், 1966இலேயே ‘அந்த நாற்றம்’ என்ற குறுநாவலைத் தந்தி மொழியில், வர்ணனை துளியும் இல்லாமல் எழுதிவிட்டார். வெளியே வந்த கைதி, ஒவ்வொரு இரவும் கையெழுத்து வாங்க வரும் போலீஸ்காரன், எதன்மீதும் ஒட்டாத நாட்கள். பிரதிகளை அரசு பறிமுதல் செய்தது. தோல்விக்கு முன்பே நாற்றத்தை முகர்ந்தவர் அவர். 2003இல் கெய்ரோ ஓபெரா மாளிகையில் அரசு விருதை வாங்க மேடையேறி, வாங்க மறுத்துப் பேசிவிட்டு இறங்கினார்.

எண்ணெயைப் பற்றி எழுத ஓர் எண்ணெய்ப் பொருளாதார நிபுணர் தேவைப்பட்டார். அம்மானில் பிறந்த அப்துர்ரஹ்மான் முனீஃபின் சவூதிக் குடியுரிமை 1963இல் பறிக்கப்பட்டது. ‘உப்பு நகரங்கள்’ ஐந்து பாகங்கள், 1984 முதல் 1989 வரை. பாலைச்சோலை ஒன்றில் அமெரிக்கர்கள் வருகிறார்கள், எந்திரங்கள் பேரீச்ச மரங்களைப் பிடுங்குகின்றன, முத்இப் என்ற பெரியவர் ஒட்டகத்தில் ஏறிக் காணாமல் போகிறார். நூறு பக்கம் தாண்டிய நிலையில் கதாநாயகன் போய்விட்டால் மிச்சத்தை யார் சுமப்பது? ஊர்தான் சுமக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் அப்டைக் இது நாவல்போலவே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். எண்ணெய் நுழைந்த உலகத்தைப் பற்றி இலக்கியம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்ட அமிதாவ் கோஷ் முனீஃபின் முக்கியத்துவத்தை உடனே கண்டுகொண்டார். அவருக்கும் சில குறைகள் பட்டன என்பது வேறு. அப்டைக்கின் புகார், தனிமனிதன் இல்லாமல் நாவலைக் கற்பனை செய்ய முடியாதவரின் புகார். நாவல் சவூதியில் தடை செய்யப்பட்டது.

மொராக்கோவில் இருபது வயதில் எழுத்துக் கற்ற முஹம்மத் ஷுக்ரியின் பசிக் கதை முதலில் 1973இல் ஆங்கிலத்திலும், 1980இல் பிரெஞ்சிலும் வந்து, 1982இல்தான் அது எழுதப்பட்ட அரபியில் வெளியானது. மறுவருடம் தடை. 2000இல் நீங்கியது.

இன்று நிலைமை மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். 2007இல் லண்டனின் புக்கர் அறக்கட்டளைத் துணையோடு அபுதாபிப் பணத்தில் அரபு நாவலுக்கென ஒரு சர்வதேசப் பரிசு உருவானது. வென்றவருக்கு 50,000 டாலர். முனீஃப் எழுதிய அதே எண்ணெய்க் காசு நாவலுக்குப் புரவலராகிவிட்டது என்று எளிதாகக் கிண்டலடிக்கலாம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணுக்கும் குவைத்திக்கும் பிறந்து எந்த ஊருக்கும் ஆகாதவனைப் பற்றி ஸுஊத் அல் சனூஸி எழுதிய நாவலுக்கு 2013இல் அதே பரிசு கிடைத்தது. ஓமானில் 1970வரை நீடித்த அடிமைமுறையின் தழும்பை எழுதிய ஜோகா அல்ஹார்த்தி 2019இல் சர்வதேச புக்கரைப் பெற்ற முதல் அரபு எழுத்தாளர். அவர் நாவலை 2010இல் வெளியிட்டதும் பெய்ரூட்டின் தார் அல் ஆதாப்தான். பரிசுகளால் நாவல்கள் எல்லை தாண்டுகின்றன, மொழிபெயர்க்கப்படுகின்றன. ஆனால் நடுவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பிடிக்கும் அளவில், போர், அகதி, பெண் என்று தலைப்பு வைத்துத் தைத்த நாவல்களும் ஆண்டுதோறும் பெருகுகின்றன. ஷுக்ரி இன்று எழுதினால் பரிசுப் பட்டியலின் முதல் சுற்றைத் தாண்டுவாரா என்பது சந்தேகமே.

பயம் மட்டும் போகவில்லை. அஹ்மத் நாஜியின் ‘வாழ்க்கையின் பயன்பாடு’ பெய்ரூட்டில் அச்சாகி, எகிப்தியத் தணிக்கையின் அனுமதியோடு கெய்ரோ கடைகளுக்கு வந்தது. அதே நாவலின் ஓர் அத்தியாயத்தை 2014இல் கெய்ரோவின் இலக்கிய வார இதழ் வெளியிட்டபோது, படித்ததும் படபடப்பு வந்து இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று ஒரு வாசகர் புகார் கொடுத்தார். 2016இல் நாஜிக்கு இரண்டாண்டுச் சிறை. பத்து மாதம் உள்ளே இருந்தார். பெய்ரூட் புத்தகத்துக்குக் கிடைத்த மன்னிப்பு கெய்ரோ பத்திரிகைக்குக் கிடைக்கவில்லை. எட்டாண்டு கழித்து 2024 ஏப்ரலில் அபுதாபியில் அறிவித்த அந்த அரபு நாவல் பரிசு, 2004 முதல் இஸ்ரேலியச் சிறையில் இருந்த பாலஸ்தீனர் பாஸிம் கந்தக்ஜியின் நாவலுக்குப் போனது. மேடைக்கு வந்து வாங்கிக்கொண்டவர் தார் அல் ஆதாபின் பதிப்பாளர் ரனா இத்ரீஸ், மஹ்ஃபூஸின் தெருப் பிள்ளைகளை 1967இல் அச்சிட்ட சுஹைல் இத்ரீஸின் மகள்.